காற்றா, சாவா

எண்பத்தெட்டாம் வருடம், மாசி மாதத்து ஒரு புதன்கிழமை. காலை ஆறு நாற்பதுக்கு சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தேன். தோளில் ஒரு ஜோல்னாப் பை, அதற்குள் ஒரு வேட்டி, ஒரு துண்டு, அரை டஜன் வாழைப்பழம். வழியனுப்ப யாரும் வரவில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் பதினான்கு வருடமாக ஒற்றை அறையில் இருப்பவனுக்கு யார் வருவார்கள்? இரண்டு மூன்று நாள் வெளியூர் போகிறேன் என்று வாட்ச்மேனிடம் மட்டும் சொன்னேன். "நீங்க எந்த ரூமு சார்?" என்று கேட்டார்.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தினசரியில் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் வேலை. டெலிபிரிண்டர் துப்புகிற தாளைக் கிழித்து எடுத்து, ஏவுகணை, அணு ஆயுதம், ஆயுதக் குறைப்புப் பேச்சுவார்த்தை என்று எழுதித் தள்ளுவேன். அந்தக் குளிர்காலத்தில்தான் இரண்டு வல்லரசுகளும் நடுத்தர தூர ஏவுகணைகளை அழித்துவிடுவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தன. ஒருவர் தொழிற்சாலை வாசலில் இன்னொருவர் ஆளை உட்கார வைத்துக் கண்காணிப்பது, வானத்தில் செயற்கைக்கோள் வைத்துப் படம் பிடிப்பது என்று அந்த ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக விதிகள். அத்தனையையும் நான்தான் தமிழில் எழுதினேன். ஆனால் ஓர் ஏவுகணையை நேரில் பார்த்ததில்லை. இந்த வாரம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பப் போவது வழக்கமான ராக்கெட் இல்லை, ஏவுகணை என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு அடிபட்டது. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து பார்த்தால் தெரியும் என்றார்கள். லீவு எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் காரணம்கூடக் கேட்கவில்லை.

ஏழே முக்காலுக்குப் பொன்னேரி. ஸ்டேஷனுக்கு வெளியே பழவேற்காடு பஸ் நின்றது. சுமார் இருபது கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய் எண்பது காசு. திருப்பாலைவனம் வரைக்கும் இரண்டு பக்கமும் வயல். அங்கே பாதிக் கூட்டம் கோயிலடியில் இறங்கிவிட, மிச்சப் பேர் ஐஸ் பெட்டிகளோடு நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த இறால் வியாபாரிக்கு எரிச்சல். நாளைக்குக் கடலிலும் முகத்துவாரத்திலும் படகு இறக்கக் கூடாதென்று தண்டோரா போட்டுவிட்டார்களாம். சரக்கே வராது, லாரி எளாவூர் செக்போஸ்ட் பக்கம் சும்மா நிற்கப் போகிறது என்று புலம்பிக்கொண்டே வந்தார். அதைக் கேட்டு எனக்கு உள்ளூர சந்தோஷம். செய்தி உண்மைதான் என்று உறுதியாயிற்று.

பழவேற்காட்டில் டீக்கடை வைத்திருந்த பாயிடம் குப்பத்துக்குப் போக வழி கேட்டேன். டீ ஐம்பது காசு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஏரிக்கரையில் தோணியில் குந்தியிருந்த ஒருவரைக் காட்டினார்.

"தேசப்பன்னு பேரு. புதுக்குப்பத்து ஆளு. பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, புள்ள குட்டி இல்ல. அவன் வூட்லயே தங்கிக்கலாம். பேச ஆளு கெடச்சா அவனுக்கும் குஷிதான்" என்றார்.

தேசப்பனுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி, கழுத்தில் கறுப்புக் கயிறு. தோணிக்கு இரண்டு ரூபாய் கேட்டார். தங்குவதற்கு ஒன்றும் வேண்டாம் என்றார். கழி ஊன்றித் தள்ளத் தள்ள, இடுப்பளவு கூட இல்லாத தண்ணீரில் தோணி வழுக்கிக்கொண்டு போயிற்று. எதற்கு வந்தேன் என்று கேட்டார். ராக்கெட் பார்க்க என்றேன். கழியை ஊன்றியவர் அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். அவருக்குக் கோபமோ என்று நினைத்தேன். கோபம் இல்லை, கவலை என்று அப்புறம் தெரிந்தது.

வழியில் அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் குச்சி நட்டு அடையாளம் வைத்த ஓர் இடம் இருக்கிறது. இறால் அங்கேதான் திரளும். அந்த இடம் பெரியகுப்பத்துக்காரர்களுடையது. அவர்களும் எல்லோரும் ஒன்றாக இறங்கிவிட மாட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை பேர் எழுதிச் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்தக் கோஷ்டி, நாளைக்கு அந்தக் கோஷ்டி என்று முறை வைத்து வலை கட்டுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். பாடு இருப்பவனுக்குச் சோறு உண்டு. இல்லாதவன் கரையோரச் சேற்றில் கையால் தடவி இறால் பொறுக்க வேண்டியதுதான்.

தேசப்பன் ஊர்க்காரர்கள் தடவுகிறவர்கள். அவர்கள் முன்பு இருந்தது தீவில். ராக்கெட் தளம் வந்தபோது ஊரைக் காலி செய்து இந்த மணல் திட்டில் கொண்டுவந்து வைத்தார்கள், இருபத்திரண்டு வீடுகள். வந்த நாளிலிருந்து பெரியகுப்பத்தாரிடம் பாடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடையாய் நடந்தவர் தேசப்பன்தான். கிட்டத்தட்ட பதினெட்டு வருடம். இரண்டு முறை அடிதடி, ஒரு முறை போலீஸ். கடைசியில் போன மாதம் பெரியகுப்பத்து நாட்டார் இறங்கி வந்தார். நாட்டார் என்பது அந்த ஊர்த் தலைவர். ஒரே ஒரு நாள் வெள்ளோட்டமாகப் பாடு தருவோம், இருபத்திரண்டு பேரும் ஒழுங்காக வலை கட்டி, குறித்த வலைக்கு மேல் ஒன்றுகூட இறக்காமல், பொழுது சாய்வதற்குள் வெளியேறிவிட்டால், அடுத்த சீட்டில் உங்கள் பேரையும் சேர்ப்போம் என்றார். பெரியகுப்பத்தில் பாதிப் பேருக்கு இதில் இஷ்டமில்லை. அதனால் இந்த வாய்ப்பு ஒரே தடவைதான். சீட்டுப் போட்டு நாளும் குறித்தாகிவிட்டது.

"எந்த நாள்?" என்று கேட்டேன்.

"நாளிக்கு சார்" என்றார்.

பகல் பதினொன்றரைக்குக் குப்பம் சேர்ந்தோம். ஓலைக் குடிசைகள் வரிசையாக, அவருடையது கடைசி. உள்ளே ஒரு பாய், இரண்டு சட்டி, சுவரில் அவர் மனைவியின் வளையல்கள் ஓர் ஆணியில். சோறும் இறால் குழம்பும் போட்டார். நான் பல மாதங்களுக்குப் பிறகு ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கச் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று யாராவது சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்து, எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.

மாலை நாலு மணிக்குப் பெரியகுப்பத்து வலைக் கொட்டகையில் கூட்டம். என்னையும் வரச் சொன்னார் தேசப்பன். படித்தவர் ஒருவர் கூட இருந்தால் நல்லது என்று நினைத்திருக்கலாம். இரண்டு மைல் மணலில் நடந்தோம். கொட்டகையில் ஐம்பது அறுபது பேர். நடுவில் நாட்டார், வெள்ளை மீசை, மடியில் ஒரு நீள நோட்டு. முறை, பேர், எல்லாம் அதில்தான். ஒவ்வொரு பாடும் நடந்ததா இல்லையா என்று அதில் எழுதுவார். எங்கள் அலுவலகத்துத் தாள்களில் அடிக்கடி வரும் பெரிய மனிதர்களை விடவும் நிதானமாகப் பேசினார்.

பிரச்சினை இதுதான். காற்று, மழை, புயல் என்று எதனாலாவது ஒரு கோஷ்டி தன் நாளில் வலை கட்ட முடியாமல் போனால் அந்தப் பாடு போனது போனதுதான். மறு நாள் அடுத்த கோஷ்டியுடையது. நோட்டில் ‘காற்று’ என்று ஒரு சொல் எழுதுவார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு விலக்கு உண்டு. நோட்டில் பேருள்ளவன் எவனாவது செத்துவிட்டால் அன்றைக்குத் தண்ணீரே நின்றுவிடும். யாரும் இறங்கக் கூடாது. எல்லோருடைய முறையும் ஒரு நாள் தள்ளிப் போகும். அப்போது எழுதுகிற சொல் ‘சாவு’.

நாளைக்கு ராக்கெட்டுக்காக மூடுகிறார்களே, அது காற்றா, சாவா?

நாட்டார் சந்தேகமே இல்லாமல் காற்று என்றார். முன்பு ராக்கெட் விட்டபோது பெரியகுப்பத்துக் கோஷ்டியே இரண்டு தடவை பாட்டை இழந்திருக்கிறது, அப்போதும் காற்று என்றுதான் எழுதினோம் என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். நியாயமான பேச்சு. புதுக்குப்பத்துக்காரர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். தேசப்பன் மட்டும் எழுந்தார்.

"அது மழ பாக்கற ராக்கெட்டு நாட்டாரே. காத்து மழைக்கோசரம் வுட்டது, காத்துனு எழுதினீங்க. இது இன்னாதுனு இந்த சாரைக் கேளுங்க. பேப்பர்ல எழுதறவரு."

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. பதினான்கு வருடமாக இந்த விஷயத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒருவர்கூட என்னிடம் இது என்ன என்று கேட்டதில்லை. அதில் ஒரு பெருமிதம் வந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். நாளைக்குப் போவது ஏவுகணை என்று கேள்விப்பட்டேன், சோதனைக்குத்தான் விடுகிறார்கள், யார் மேலும் விழாது, ஆனால் செய்யப்பட்டது ஆளைக் கொல்வதற்கு என்றேன். பக்கத்து நாட்டிலும் இதே மாதிரி வேலை நடக்கிறது, ஒருவர் அணு உலையை ஒருவர் தாக்குவதில்லை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டும் இருக்கிறார்கள் என்றேன். கேட்டதற்கு மேலேயே சொன்னேன்.

"ஊரையே எரிக்கற குண்டு கீதுன்றாங்களே, அது இதுல வருமா?" என்று நாட்டார் கேட்டார்.

வைக்கலாம் என்று வெளிநாட்டார் எழுதுகிறார்கள், நம்மவர்கள் இல்லை என்கிறார்கள் என்றேன். வைத்தால் எத்தனை பேர் சாவார்கள் என்று கேட்டார். சரியான கணக்கு யாரிடமும் இல்லை, ஒரு ஊர் மொத்தமும் போகும் என்றேன்.

நாட்டார் மடியிலிருந்த நோட்டை மூடி வைத்தார். "அப்ப அது காத்து இல்ல. சாவுதான்" என்றார்.

புதுக்குப்பத்துக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். என் கையையும் ஒருவர் பிடித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது. நாட்டார் நோட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்து, "செத்தவன் பேரு?" என்று கேட்டார்.

அவர் விளையாடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு கோஷ்டி காற்றில் தன் பாடு போய்விடுமென்று பயந்து, மாமன் செத்துவிட்டான் என்று பொய் சொல்லித் தண்ணீரை நிறுத்தியது. நாலாம் நாள் மாமன் சூளூர்ப்பேட்டையிலிருந்து கையை வீசிக்கொண்டு வந்து நின்றான். அன்றைக்குப் போட்ட விதி: சாவு என்று எழுதினால் நோட்டில் உள்ள ஒரு பேரைச் சொல்ல வேண்டும். அந்தப் பேர் அதற்குப் பிறகு எந்தச் சீட்டிலும் ஏறாது. அந்த ஆள் குச்சிகளுக்கு உள்ளே வரக் கூடாது. உயிரோடிருந்தாலும் சரி. பேர் சொல்ல முடியாதென்றால் காற்று என்று எழுதிவிட வேண்டியதுதான்.

வெள்ளோட்டத்துக்காகப் புதுக்குப்பத்து இருபத்திரண்டு பேரும் நோட்டில் ஏறியிருந்தார்கள். பெரியகுப்பத்தார் தங்கள் பேரை ஏன் கொடுப்பார்கள்? கொடுக்க வேண்டியது இவர்கள்தான். கட்டிக்கொண்டவர்கள் விலகி நின்றார்கள். உயிரோடிருப்பவன் பேரைச் சாவுக்குச் சொல்வது அபசகுனம். அதோடு பேரைக் கொடுத்தவனுக்கு ஆயுசுக்கும் பாடு கிடையாது. எல்லோருக்கும் குழந்தை குட்டிகள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எம்பேரைப் போடு நாட்டாரே" என்றார் தேசப்பன்.

அவர் ஊர்க்காரர் ஒருவர், "அண்ணே, பாடு கேட்டு நடந்ததே நீதானே" என்றார். தேசப்பன் தோளை அசைத்தார். "எனுக்கு யாரு கீறாங்க வருத்தப்பட? எழுது."

நாட்டார் எழுதினார். பிறகு பேனாவை மூடி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெரியகுப்பத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பதால் சோறு கொண்டுவருவது வழக்கமாம். தேசப்பன் வீட்டுக்கு ஒரு சட்டி சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். அவர்கள் முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. வாசலில் வைத்துவிட்டு, சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாதென்று பேசாமல் திரும்பிப் போனார்கள்.

"என் சாவுச் சோத்த நானே துன்றன். இந்தக் குடுப்பின யாருக்கு வரும் சார்?" என்று தேசப்பன் எனக்கும் ஒரு தட்டில் போட்டார். சிரிக்க முயன்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

பதினோரு மணிக்கு ஊரே கடற்கரையில் உட்கார்ந்திருந்தது. ஒரு படகு கிடையாது, கடல் காலியாகக் கிடந்தது. பதினொன்றரைக்குக் கொஞ்சம் முன்னால் வடக்கே, தீவின் பக்கம், ஒரு வெள்ளைக் கோடு எழுந்தது. என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. கடலின் மேல் சாய்ந்து, மெலிந்து, காணாமல் போயிற்று. கோடு கலையத் தொடங்கிய பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. யாரோ தூரத்தில் ஜமக்காளத்தை உதறுவது மாதிரி. இவ்வளவுதானா என்றிருந்தது. பதினான்கு வருடம் எழுதியது இதைத்தான்.

தேசப்பன் பார்க்க வரவில்லை. அந்த நேரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து தன் பங்கு வலைகளைப் பிரித்து, மற்ற இருபத்தொரு பேருக்கும் வகை பிரித்துக்கொண்டிருந்தார். ஏன் வரவில்லை என்றேன். அந்தச் சத்தம் எங்க ஊர்ல இருந்துதான வருது, வூட்லயே கேக்குது என்றார்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே இருபத்தொரு பேரும் முகத்துவாரத்தில் இறங்கிவிட்டார்கள். நானும் தேசப்பனும் கரையில் நின்றோம், குச்சிகளிலிருந்து நூறடி தள்ளி. பெரியகுப்பத்து ஆட்கள் இருவர் தோணியில் உட்கார்ந்து வலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். தேசப்பன் முதலில் கத்திக் கத்தி வழி சொன்னார். இடது பக்கம் ஆழம், குச்சியைச் சாய்த்து நடு, நீரோட்டம் திரும்பட்டும். கொஞ்ச நேரத்தில் அவர் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. வேலை பிடிபட்டுவிட்டது அவர்களுக்கு. அதன் பிறகு அவர் குந்தி உட்கார்ந்தார். இறால் ஏராளமாக விழுந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் வலையைச் சுருட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சரி என்று கையைத் தூக்கிக் காட்டினார்கள். அடுத்த சீட்டில் இருபத்தொரு பேர் ஏறும். ஊர்க்காரர்கள் தோணிகளைக் குப்பத்துக்கு விட்டார்கள். அங்கே பெண்கள் போட்ட குலவை இவ்வளவு தூரம் கேட்டது.

மூன்று மணிக்கு என்னைப் பழவேற்காட்டில் விடத் தேசப்பன் தோணி எடுத்தார். அப்போது முகத்துவாரத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பெரியகுப்பத்து ஆட்கள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. புதன்கிழமை அந்தக் குச்சிகளின் நடுவேதான் நேராக வந்திருந்தோம். இப்போது அவர் தோணியை வெளிப்பக்கமாகத் திருப்பினார். எவ்வளவு நேரம் கூட ஆகும் என்றேன். ஒரு மணி நேரம் ஆகும் என்றார். ஐந்தேகால் பஸ் எனக்கு. யாரும்தான் இல்லையே, நேராகப் போய்விடலாமே என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனேயே வெட்கமாக இருந்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எழுதிட்டாரு சார். நானும் சரின்னேன். ஆளு பாத்தா இன்னா, பாக்காட்டி இன்னா" என்றார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் உங்கள் பேர் போயிருக்காது என்றேன். இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்தது அது.

"நீ சொல்லாட்டி காத்துனு எழுதியிருப்பாங்க. இருபத்தோரு வூடும் இன்னும் சேத்தத் தடவிக்கினு கெடக்கும். உடு சார்."

குச்சிகளின் வரிசையை ஒட்டி, ஒரு கழி தூரம் தள்ளியே, வளைந்து வளைந்து போனோம். சேறு அதிகமான பக்கம். கழி ஒவ்வொரு முறையும் ஒரு முழம் புதைந்தது. பிடுங்கிப் பிடுங்கி ஊன்றினார். நான் எழுதிய ஒப்பந்தங்களை எல்லாம் நினைத்துக்கொண்டேன். வாசலுக்கு வாசல் ஆள், தலைக்கு மேல் கோள், எத்தனை ஏவுகணை, எத்தனை ஏவுதளம் என்று எண்ணிப் பார்க்க நூறு பேர். அப்படி இருந்தும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்றுதான் மறுநாள் தாளில் வரும். அதையும் தமிழில் எழுதுவேன்.

பழவேற்காட்டுக் கரையில் இறங்கும்போது ஐந்து மணி. இரண்டு ரூபாயைக் கொடுத்தேன். வாங்கி மடியில் செருகிக்கொண்டார். அடுத்த தடவை வந்தால் வீட்டுக்கு வாங்க என்றார். நிச்சயம் வருகிறேன் என்றேன், வர மாட்டேன் என்று இருவருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டு ஐந்து நிமிட நடைதான். ஆனால் என்னால் நகர முடியவில்லை.

இப்போது தோணியில் அவர் ஒருவர்தான். நேராகப் போனால் முக்கால் மணியில் வீடு. அவர் தோணியைத் திரும்பவும் சேற்றுப் பக்கமே விட்டார். யாருமில்லாத தண்ணீரில் முதல் குச்சிக்கு வெளியே வளைந்து, பிறகு அடுத்த குச்சிக்கு வெளியே. ஒரு தடவைகூடக் குறுக்கே திரும்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. கடைசிக் குச்சியையும் அவர் சுற்றி முடிக்கும் வரைக்கும் அங்கேயே நின்றேன். பஸ் போய்விட்டது.